ஸ்லோ குக்கரில் கிழங்கு ஏன் தாமதமாக வேகிறது?

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் குளிர்காலத்து இரவுச் சாப்பாடுகளில் ஒன்று, ஸ்லோ குக்கரில் உருளைக்கிழங்கையும் சாசேஜையும் சேர்த்து வேகவைத்த உணவு. ஒன்றரை கிலோ கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், முக்கால் கிலோ சாசேஜ், ஒரு கோப்பை கோழி ஸ்டாக், மிளகு, கொஞ்சம் பூண்டு. காலையில் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் நாலைந்து பேருக்குச் சாப்பாடு தயார். செய்முறை இவ்வளவுதான். ஆனால் இதே செய்முறையில் ஒருநாள் கிழங்கு குழைந்து கூழாகிறது. இன்னொரு நாள் ஏழு மணி நேரம் கழித்தும் நடுவில் கடுக்கென்று கடிபடுகிறது. சாசேஜ் மட்டும் எப்போதும் வெந்திருக்கிறது. கறிதான் வேக நேரமாகும், காய் சீக்கிரம் வெந்துவிடும் என்பது சமையலறை அனுபவம். இந்தப் பாத்திரத்துக்குள் அது தலைகீழாகிறது. அதற்குக் காரணம் சமைப்பவரின் கைப்பக்குவம் அல்ல. கிழங்கின் செல்சுவரும் பாத்திரம் சூடாகும் வேகமும்.

ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர். லித்துவேனியாவிலிருந்து வந்த குடும்பம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு வரை மரபைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் லித்துவேனியாவில் பீன்ஸ், இறைச்சி, கிழங்கு எல்லாம் சேர்ந்த ‘சோலன்ட்’ என்ற குழம்புப் பானையை வெள்ளிக்கிழமை மாலையே ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய், அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வைத்துவிடுவார்கள். தாய் சொன்ன இந்தப் பழைய வழக்கத்தை மின்சாரத்தில் செய்து பார்த்தார் நாக்சன். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. 1970இல் ரைவல் நிறுவனம் அவரது தொழிலை வாங்கி, மறு ஆண்டே ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் அலுவலக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் வைத்து மாலையில் சாப்பிடலாம் என்ற விளம்பரம் நன்றாகவே எடுபட்டது.

கருவியின் அமைப்பு எளிமையானது. வெளியே ஓர் உலோக உறை. அதன் பக்கச் சுவரைச் சுற்றி மின்கம்பிச் சுருள். உள்ளே கனமான பீங்கான் பாத்திரம். மேலே கண்ணாடி மூடி. ஐந்தரை லிட்டர் அளவுள்ள குக்கர் பொதுவாக 200 முதல் 300 வாட் வரை மின்சாரம் எடுக்கும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை போகும் என்பதை வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. கிழங்கு, சாசேஜ், ஸ்டாக் எல்லாம் சேர்ந்து 3 கிலோ; பீங்கான் பாத்திரம் இன்னொரு மூன்று, மூன்றரை கிலோ. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பொருள்களைக் கொதிநிலைக்கு அருகில் கொண்டுபோக ஏறக்குறைய 1,200 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 240 வாட் கருவி ஒரு துளி வெப்பத்தையும் வெளியே விடாமல் கொடுத்தால்கூட இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நிஜத்தில் உறையும் மூடியும் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால், ‘ஹை’ நிலையில் மூன்று, நான்கு மணி நேரமும் ‘லோ’ நிலையில் ஏழு, எட்டு மணி நேரமும் ஆகின்றன.

பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. ‘லோ’ என்றால் குறைந்த வெப்பநிலை, ‘ஹை’ என்றால் கூடுதல் வெப்பநிலை என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலான கருவிகளில் இரண்டுமே கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. வேறுபடுவது அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் அழுத்தத்தைக் கூட்டி நீரை 120 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, கிழங்கைச் சில நிமிடங்களில் வேகவைக்கிறது. ஸ்லோ குக்கர் அதற்கு நேர் எதிர். 100 டிகிரியை அது தாண்டவே தாண்டாது, அதை நெருங்கவும் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இந்த நீண்ட ஏற்றத்தில்தான் கிழங்கின் கதை நடக்கிறது.

உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முட்டை வடிவத்தில் மாவுமணிகள் அடைந்து கிடக்கின்றன. பெரிய மணிகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும் வாக்கில் இந்த மணிகள் சுற்றியுள்ள நீரை உறிஞ்சி வீங்கி, பளபளப்பான கூழாகின்றன. 70 டிகிரியில் இந்த வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். அப்போதும் கிழங்கு மெத்தென்று ஆகியிருக்காது. ஏனென்றால் செல்லையும் செல்லையும் ஒட்டவைத்திருக்கும் பசை வேறு: பெக்டின். ஜாம் உறைவதற்குக் காரணமான அதே பொருள். அது கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால்தான் பல்லுக்குக் கிழங்கு வெந்ததாகத் தெரியும். பெக்டின் 80 டிகிரிக்குக் கீழே பெரிதாக அசைவதில்லை. 85, 90 என்று ஏற ஏறத்தான் வேகமாக உடைகிறது.

பெக்டின் உடையத் தாமதமாவது ஒரு பக்கம். அதற்கு முன்பே அது கெட்டிப்படுவது இன்னொரு பக்கம். கிழங்கின் செல்சுவரில் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. 50 முதல் 70 டிகிரி வரையுள்ள இடைவெளியில் அது சுறுசுறுப்பாகி, பெக்டின் இழைகளில் தொங்கும் மெத்தில் தொகுதிகளைக் கத்தரித்துவிடுகிறது. கத்தரித்த இடத்தில் எதிர்மின்னேற்றம் மிஞ்சும். கிழங்கிலேயே இருக்கும் கால்சியம் அந்த இடங்களில் போய் அமர்ந்து, அடுத்தடுத்த இழைகளைச் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. இப்படி ஒருமுறை பூட்டப்பட்ட கிழங்கு, பிறகு கொதிநீரில் போட்டாலும் எளிதில் குழையாது. பிரெஞ்ச் ஃபிரைஸ் தொழிற்சாலைகள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. நீளவாக்கில் நறுக்கிய கிழங்கை முதலில் 60, 70 டிகிரி வெந்நீரில் போட்டு எடுத்தால் வறுக்கும்போது உடையாது.

அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் விழும் கிழங்குத் துண்டு இந்த 50–70 இடைவெளியைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். நொதிக்கு வேலை செய்ய அவகாசம் கிடைப்பதில்லை. வெப்பம் அதை அழித்துவிடுகிறது. ஸ்லோ குக்கரிலோ அதே துண்டு அந்த இடைவெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கிடக்கலாம். நொதி நிதானமாகப் பூட்டுப் போட்டு முடித்த பிறகுதான் பெக்டினை உடைக்கும் சூடு வந்து சேர்கிறது. கறிக்கு முன்னால் வேக வேண்டிய கிழங்கு கறிக்குப் பின்னால் வேகும் மர்மம் இதுதான். ஆகவே இந்த உணவுக்கு எத்தனை மணி நேரம் என்பதைக் கிழங்கை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். சாசேஜை வைத்து அல்ல.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஸ்டாக்கைக் குளிர்ச்சியாக ஊற்றாமல், தனியே கொதிக்கவைத்து ஊற்றுவது. முதல் ஒரு மணி நேரம் ‘ஹை’யில் வைத்துப் பிறகு ‘லோ’வுக்கு மாற்றுவது. நொதிக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கிருமிகளுக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. ஒன்று மட்டும் கவனம்: முந்தின இரவே நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்த பீங்கான் பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றினால் பாத்திரம் விரிசல் விட்டுவிடும். அதனால் பொருள்களை வேறு டப்பாக்களில் வைத்திருந்து காலையில் மாற்றுவதே நல்லது.

கிழங்கைக் கடினமாக்கும் இன்னொரு காரணி புளிப்பு. நடுமேற்கு மாநிலங்களில் போலந்து, ஜெர்மனி வழிவந்த குடும்பங்கள் கியெல்பாசா சாசேஜோடு சார்க்ராட் எனப்படும் புளிக்கவைத்த முட்டைக்கோஸையும் சேர்ப்பது வழக்கம். சார்க்ராட்டின் அமிலத்தன்மை ஏறக்குறைய பிஎச் 3.5. தக்காளியும் 4க்குப் பக்கத்தில். பெக்டின் மிக உறுதியாக இருப்பது இந்த 4ஐ ஒட்டிய வட்டாரத்தில்தான். சார்க்ராட்டோடு கலந்து வைத்த கிழங்கு பத்து மணி நேரம் ஆனாலும் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். கிழங்கை அடியில் பரப்பி, புளிப்பான பொருளை மேலே தனி அடுக்காக வைத்துக் கிளறாமல் விட்டால் ஓரளவு தப்பிக்கலாம். கிழங்கைத் தனியே பாதி வேகவைத்துப் போடுவது இன்னும் நிச்சயமான வழி. கடுகு விழுது, வினிகர் போன்றவற்றுக்குக் கடைசி அரை மணி நேரமே போதும்.

எந்தக் கிழங்கு என்பதும் முக்கியம். ரஸ்ஸெட் போன்ற மாவுக்கிழங்குகளில் மாவுச்சத்து அதிகம். வீங்கிய செல்கள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிவதால் மசியலுக்கும் வறுவலுக்கும் அவை அருமை. நீண்ட நேரம் திரவத்தில் கிடந்தால் விளிம்புகள் கரைந்து குழம்பு மாவாகிவிடும். தோல் சிவந்த சிறு கிழங்குகளில் மாவுச்சத்து குறைவு. வெந்த பிறகும் வடிவம் குலையாது. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளிவந்த யூக்கான் கோல்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த உணவுக்கு அதைவிடப் பொருத்தமான ரகம் இல்லை என்றே சொல்லலாம்: துண்டு நிற்கும், குழம்பும் லேசாகக் கெட்டிப்படும். பச்சை படர்ந்த கிழங்கை எந்த ரகமானாலும் ஒதுக்கிவிட வேண்டும். பச்சை நிறத்தோடு கூடவே சேரும் சோலனைன் என்ற நச்சு வேகவைப்பதால் அழிவதில்லை.

வெட்டும் அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. துண்டின் தடிமன் இரண்டு மடங்கானால், வெப்பம் நடுப்பகுதியை எட்டும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இரண்டரை சென்டிமீட்டர் துண்டின் நடுப்பகுதி, சுற்றியுள்ள குழம்பின் சூட்டைக் கால் மணி நேரத்துக்குள் எட்டிப் பிடிக்கும். முழுக்கிழங்கு ஒரு மணி நேரம் வரை பின்தங்கும். அதற்காகத் துண்டை இன்னும் இன்னும் சிறிதாக்கிப் பயனில்லை. இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் வேகம் கூடாது, ஏனென்றால் அப்போது தாமதம் துண்டில் இல்லை, பாத்திரத்தில். சுருள் பக்கச் சுவரில் இருப்பதால் சூடு முதலில் சேர்வது சுவரோரத்திலும் அடியிலும். கிழங்கின் இடம் அங்கே. திரவத்துக்கு மேலே தலைநீட்டும் துண்டுகள் மெதுவாக வேகும். வெட்டுப்பட்ட முகத்தில் காற்று பட்டு நொதி வினையால் பழுப்பேறவும் செய்யும்.

சாசேஜுக்கு இந்த நெடும்பயணம் உண்மையில் தேவையே இல்லை. மெதுச்சமையலின் பெரும்பயன், கடினமான இறைச்சியில் உள்ள கொலாஜன் என்ற இணைப்புத்திசு 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் கிடந்து ஜெலட்டினாக இளகுவது. மாட்டின் தோள்பட்டைக் கறிக்கு அது வரம். சாசேஜில் இறைச்சியை எந்திரமே அரைத்து முடித்துவிட்டது. இளக்குவதற்கு மிச்சம் எதுவுமில்லை. அரைக்கும்போது சேர்க்கும் உப்பு மையோசின் என்ற தசைப்புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. பிசுபிசுப்பான அந்தப் புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் படர்ந்து, சூடுபட்டதும் வலைபோல் உறைந்து கொழுப்பையும் நீரையும் உள்ளே நிறுத்தி வைக்கிறது. 70 டிகிரியை ஒட்டி இந்த வேலை நிறைவாகிவிடும். அதற்குமேல் ஆறேழு மணி நேரம் கொதிநிலைக்கருகில் கிடந்தால் வலை சுருங்கும். நீரும் கொழுப்பும் கசிந்து குழம்புக்குப் போகும். சாசேஜின் இழப்பு கிழங்கின் லாபம் என்பதால்தான் இந்த உணவு ருசிக்கிறது. ஆனாலும் மரத்தூள் போலாகிவிட்ட சாசேஜை யாரும் விரும்புவதில்லை.

ஆகவே எந்த வகை சாசேஜ் என்பதைப் பார்த்து நேரத்தைப் பிரிக்க வேண்டும். கியெல்பாசா போன்றவை ஏற்கெனவே புகையில் வெந்தவை. அவற்றைத் தடித்த துண்டுகளாக்கிக் கடைசி ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குச் சேர்த்தால் போதும். சூடேறினால் சரி. அவற்றில் மங்காமல் நிற்கும் இளஞ்சிவப்பு நிறம் வேகாததன் அடையாளம் அல்ல. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட், தசையில் உள்ள மையோகுளோபினோடு சேர்ந்து உருவாக்கும் நிறம் அது, வெப்பத்துக்கு அசையாது. அதே நைட்ரைட்டுக்கு இன்னும் பெரிய வேலை ஒன்று உண்டு. 1820களில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டு மக்கள் இறந்ததை யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் விரிவாகப் பதிவுசெய்தார். கவிஞராகவும் பெயர் பெற்றிருந்தவர் அவர். பாட்டுலிசம் என்று இன்று அறியப்படும் அந்த நோயின் கிருமி வளராமல் தடுப்பது நைட்ரைட்தான்.

பிராட்வர்ஸ்ட் போன்ற பச்சை சாசேஜ் முழு நேரமும் உள்ளே இருக்க வேண்டியதுதான். பன்றி, மாட்டிறைச்சி சாசேஜின் நடுப்பகுதி 71 டிகிரியும், கோழி, வான்கோழி சாசேஜ் 74 டிகிரியும் எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண்துறை. அரைத்த இறைச்சிக்கு இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், முழுத்துண்டில் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமிகளை அரைவை எந்திரம் உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது.

பச்சை சாசேஜை முதலில் வாணலியில் சிவக்க வறுத்துப் போடும் வழக்கத்தைச் சிலர் வீண்வேலை என்று தவிர்க்கிறார்கள். அது வீண்வேலை அல்ல. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உருவாக்கும் மெய்யார்டு வினை 140 டிகிரியை ஒட்டித்தான் விறுவிறுப்பாகும்; 1912இல் லூயி-கமீல் மெய்யார்டு விவரித்த வினை அது. நீர் நிறைந்த குக்கருக்குள் அந்தச் சூடு ஒருபோதும் வராது. ஐந்து நிமிட வாணலி வேலை இல்லாவிட்டால் சாசேஜ் வெளிறி, அவித்த வாசனையோடுதான் கிடைக்கும். வறுத்த பின் அதே கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, அரைக் கோப்பை ஸ்டாக் ஊற்றி வாணலியின் அடியில் ஒட்டிய பழுப்புக் கசண்டைச் சுரண்டினால் அது முழுவதும் கரைந்து வரும். மொத்த ருசியில் பாதி அந்தக் கசண்டில் இருக்கிறது. ஒரு துளி விடாமல் கிழங்கின் மேல் ஊற்ற வேண்டும். வறுத்தால் சாறு வெளியேறாமல் அடைபடும் என்பது மட்டும் பொய். 19ஆம் நூற்றாண்டு வேதியியலர் லீபிக் பரப்பிய கருத்து அது. வறுத்த இறைச்சியிலிருந்தும் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கிறது.

தண்ணீர் குறைவாகவே போதும். மூடியில் மோதிய ஆவி துளிகளாகி மீண்டும் உள்ளேயே விழுகிறது, வெங்காயமும் நீர்விடும். அடுப்புக் குழம்புக்கு ஊற்றும் அளவை ஊற்றினால் கிழங்கு சூப்பில் மிதக்கும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசைக்கும் விலை உண்டு. குறைந்த வாட்டில் இயங்கும் கருவிக்கு, ஒருமுறை திறந்ததில் தப்பிய சூட்டை மீட்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுவது நல்லது. சாசேஜிலிருந்து உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய உப்பைக் கிழங்கு இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பலிக்காது. கிழங்கு உப்பைத் தனியே பிரித்தெடுப்பதில்லை. குழம்பில் இருக்கும் உப்புநீரைத்தான் குடிக்கிறது.

பால், பாலாடை, சீஸ் ஆகியவற்றைக் கடைசி அரை மணி நேரம் வரை உள்ளே விடக்கூடாது. நீண்ட சூட்டில் கேசின் புரதம் திரண்டு, பால் திரிந்து, சீஸிலிருந்து எண்ணெய் பிரியும். அமெரிக்க வீடுகளில் இந்த உணவுக்குப் பாலுக்குப் பதிலாக டின்னில் அடைத்த காளான் கிரீம் சூப்பை ஊற்றுவது சகஜம். கேம்ப்பெல் நிறுவனம் 1934இல் கொண்டுவந்த சூப் அது. ருசியில் அதற்குப் பெரிய மதிப்பெண் தர முடியாது. ஆனால் அதில் சேர்த்திருக்கும் மாவு, பால்புரதம் திரளாமல் காப்பதால் எட்டு மணி நேரமும் தாக்குப்பிடிக்கும்.

பாதுகாப்பு விதிகள் எல்லாம் ஒரே கவலையிலிருந்து பிறக்கின்றன. 4 முதல் 60 டிகிரி வரையுள்ள இடைவெளியில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். குக்கரோ அந்த இடைவெளியை மெதுவாகக் கடக்கும் கருவி. அதனால் ஃபிரீசரில் உறைந்த சாசேஜை அப்படியே போடக்கூடாது; ஃபிரிட்ஜில் வைத்து உருகவிட்டே சேர்க்க வேண்டும். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் நிரம்பியிருக்க வேண்டும். சாசேஜோடு ராஜ்மா சேர்க்க விரும்புவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை: பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். கொதிக்காத சூட்டில் கிடந்தால் நச்சு போகாது, கூடவும் செய்யலாம். ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே அது குக்கருக்குள் போக வேண்டும்.

கிழங்கு வெந்ததா என்று கத்திமுனையால் குத்திப் பார்க்க வேண்டும். பாத்திரத்தின் நடுவில், மேல் அடுக்கில் உள்ள துண்டையே குத்த வேண்டும், சுவரோரத் துண்டை அல்ல. சாப்பிட்டு மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுநாள் அதை ஸ்லோ குக்கரில் சூடாக்கக் கூடாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ 74 டிகிரி வரை ஆவி பறக்கச் சூடாக்கித்தான் பரிமாற வேண்டும்.